எங்கள் வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள்

ஆம்ஸ்டர்டாம்,
செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல் மழை.

மிகுந்த மதிப்பிற்கும், அதைவிடச் சற்றே கூடுதலான பயத்திற்கும் உரிய அலைடா அக்காவுக்கு,

உன் தம்பி ஹார்மன் எழுதிக்கொள்வது. நானும் ஹில்லியும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, சர்ச் பாடல் குழுவில் உன் பக்கத்தில் நின்று சுருதி தப்பிப் பாடும் அந்த அம்மாளைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார்களா, உங்கள் ஊர் ஸட்ஃபனில் ஆற்றுத் தண்ணீர் வடிந்துவிட்டதா என்றெல்லாம் அறிய ஆவல். நீ அனுப்பிய சீரகம் போட்ட சீஸ் பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதியை ஹில்லி அன்றைக்கே தீர்த்துவிட்டுப் பழியை என் மேல் போட்டாள்.

உன் அஞ்சலட்டையும் வந்தது. நலமா என்றுகூடக் கேட்காமல், "உன் வீட்டு ஜன்னலில் திரை மூடியிருக்கிறதாமே, யார் செத்தது?" என்று ஒரே வரி. யாரும் சாகவில்லை அக்கா. எதிர்வீட்டு ட்ரூஸ்தான் உனக்குப் போன் போட்டிருப்பாள் என்று தெரியும், உங்கள் இருவருக்கும் வேறு என்ன வேலை. திரை விஷயத்தில் எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா சாகக் கிடந்தபோதுகூடத் திரையைப் போட விடாதவள் நீ. யோக்கியன் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீ சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தரைத்தள வீட்டில் நாங்கள் தின்றது, திட்டிக்கொண்டது, நான் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கியது எல்லாவற்றையும் தெருவே பார்த்திருக்கிறது. அப்படிப்பட்டவன் போய்த் திரை வாங்கி மாட்டியிருக்கிறான் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை காலை நான் குளியல் அங்கியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. முன்கூட்டிச் சொல்லாமல் நம் வீட்டுக்கு யார் வருவார்கள்? திறந்தால், தாடிக்காரன் ஒருவன், கதவுநிலை உயரம், ஃப்ரீஸ்லாந்துப் பையன், பெயர் ஷூர்ட் என்றான். பின்னால் ஒரு வேன், வேனில் ஒரு கட்டில். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க இன்னும் காலி பண்ணலையா?" என்றான். "எதைப்பா காலி பண்ணணும்?" என்றேன். "வீட்டைத்தான். ஒண்ணாந் தேதியிலேருந்து இது எனக்குத்தானே? நான் ரெண்டு நாள் விட்டுக்கூடக் கொடுத்துட்டேன்" என்று ஏதோ எனக்கு தர்மம் செய்தவன் மாதிரிச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினான். எங்கள் முகவரி. எங்கள் கதவு எண். கீழே வீட்டுக்காரர் கையெழுத்து, யாரோ ஒரு டாக்டர், நார்வே பக்கம் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலையாம், அதனால் நேரில் வர முடியாதாம், முன்பணம் போட்டதும் சாவி தபாலில் வந்துவிடுமாம். எண்ணெய்க் கிணற்றில் யாருக்கு அப்படி ஓயாமல் வைத்தியம் பார்க்கிறார் என்று இவன் கேட்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிவோடு, "நீங்க டாக்டரோட அப்பாவா?" என்று கேட்டான்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம். போனை எடுத்து விளம்பரத்தைக் காட்டினான். அக்கா, நீ நம்ப மாட்டாய். எங்கள் கூடம். எங்கள் விளக்கு. அம்மாவின் சுவர்க்கடிகாரம். தெருவில் நின்று ஜன்னல் வழியாகவே எவனோ படம் பிடித்திருக்கிறான், கண்ணாடியின் ஓரத்தில் அவன் சைக்கிள் பிடிகூடத் தெரிகிறது. "எல்லாத் தளவாடங்களுடனும்" என்று கீழே எழுதியிருந்தது. அந்தத் தளவாடங்களில் ஒன்று நான். முகம் இல்லை, முக்காலி மேல் நீட்டிய இரண்டு கால்கள் மட்டும், இடது காலுறையில் ஓட்டை, ஓட்டை வழியாகக் கட்டைவிரல். வாடகையோ, இந்த ஊரில் சைக்கிளை மழைக்கு ஒதுக்கி நிறுத்தக்கூடப் போதாத தொகை. "ஏம்பா, வீட்டைப் பாக்காம எப்படிப்பா பணத்தைக் கட்டினே?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்காம கட்டறதுக்கு நான் என்ன முட்டாளா? ஒரு நா சாயங்காலம் நேர்ல வந்து ஜன்னல் வழியா நல்லாப் பார்த்தேன் சார். போட்டோல இருக்கற மாதிரியே இருந்துச்சு. நீங்ககூட உள்ள இருந்தீங்க. எனக்குக் கையாட்டினீங்க!" என்றான். ஆட்டியிருப்பேன். ஜன்னல் வழியாக யார் பார்த்தாலும் கையாட்டுவது நம் பழக்கம்தானே. அந்தக் கையாட்டலை நம்பித்தான் பணத்தைப் போட்டிருக்கிறான். அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அழைப்பு மணி ஓயவே இல்லை. எல்லோரிடமும் ஒரே கதை, டாக்டர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறினார், ஒருத்திக்குக் கப்பல் கேப்டன், இன்னொருவனுக்கு மலேரியா ஆராய்ச்சி. ஹில்லி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு முறைப்படி மூடினாள், பிறகு ஏமாந்து போய் அழுகிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் என்பது அவளுக்கே மனசு கேட்காமல் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டாள். திறந்த டப்பா, அக்கா, நம் வீட்டில்! எங்கள் கல்யாணத்துக்குக்கூட அப்படி நடந்ததில்லை. நான் ஒவ்வொருவருக்கும் பிரசங்கம் செய்தேன், வீட்டுக்காரன் ஊரில் இல்லையென்றால் வீடும் இல்லை என்று வைத்துக்கொள், உள்ளே கால் வைத்து, குழாயைத் திறந்து, மேல்வீட்டுக்காரனிடம் விசாரித்து, சாவி உன் கையில் இருக்கும்போதுதான் பணம் அவன் கைக்குப் போக வேண்டும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். பணம் போன பிறகு எல்லோருக்கும் நன்றாகத் தலையாட வருகிறது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வேறு யார் கேட்டாலும் சிரிப்பார்கள், நம் ஊரில் பிறந்த நீ சிரிக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒருநாள் யோரிட் என்று ஒரு பையனும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் மாய்க்கே என்ற பெண்ணும் வந்தார்கள். தோளில் தரைக்குப் போடும் பலகைக் கட்டு, கையில் அளவு நாடா. நான் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் குனிந்து எங்கள் தரையைத் தட்டிப் பார்த்து, "சார், போறப்ப இந்தத் தரையை எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல எங்களுக்கே விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். வீடு மாறும்போது தரையை உரித்துச் சுருட்டிக்கொண்டு போவதும், வேண்டாமென்றால் வருகிறவன் தலையில் கட்டிக் காசாக்குவதும் நம் ரத்தத்தில் ஊறியது இல்லையா? என் வாய் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டது.

"ஓக் மரம்மா. நானே என் கையால போட்டது."

"ஜன்னலோரம் வெளுத்துப் போயிருக்கே சார்."

"வெளுத்தா என்ன, சோபாவை அங்க போட்டா மறைஞ்சுடும்."

"முன்னூறு தரோம்."

"முன்னூறா? ஆணி விலைக்குக்கூடக் காணாது. ஐநூறு."

"செருப்பு அலமாரியையும் சேத்துக் கொடுத்தா நானூறு."

"சரி, போ, உனக்காக." யோரிட் கையை நீட்டினான், நான் குலுக்கினேன். அப்போது அடுக்களையிலிருந்து ஹில்லி எட்டிப் பார்த்து, "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், நாம எங்க போறோம்?" என்றாள்.

பணத்தை வாங்கவில்லை என்று அம்மாவின் கடிகாரத்தின் மேல் சத்தியம். ஆனால் எதிர் ஜன்னலில் ட்ரூஸ் இருந்தாள். அவள் பார்த்தது என்ன? முன்பின் தெரியாத ஜோடி, பலகைக் கட்டு, அளவு நாடா, கைகுலுக்கல். அதற்கு முன் வேன், கட்டில், பெட்டிகள், அழுதுகொண்டே வெளியே போகும் பெண்கள். அடுத்த வாரம் எங்களுக்கு இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கும் வீட்டுவசதிக் கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கழகத்தின் வீட்டை நாங்கள் திருட்டுத்தனமாக உள்வாடகைக்கு விடுவதாகப் புகாராம், அதிகாரி விசாரிக்க வருவாராம், புகார் உண்மையானால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அக்கா, அதைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஹில்லி அழுதாள். இந்த ஊரில் வீட்டுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தால் வரிசை நகர்வதற்குள் கல்லறையில் இடம் கிடைத்துவிடும். இந்த வயதில் நாங்களும் போனை வைத்துக்கொண்டு நடுக்கடல் டாக்டர்களிடம் வீடு கேட்கிற நிலைமைக்கு வந்துவிடுவோமோ என்று நினைத்தேன்.

அதிகாரி திரு. ப்ரோங்க் புதன்கிழமை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. வீட்டைத் துடைத்து, நான் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு மணி அடித்தது. திறந்தால் ஒரு பெண், என்னைவிட ஒரு தலை உயரம், கன்னங்கரேலென்று முடி, இரண்டு பெரிய பெட்டிகள், கையில் காப்பி போடும் சின்ன அலுமினியக் கூஜா. நேப்பிள்ஸிலிருந்து வருகிறாள், பெயர் ஒர்னெல்லா, இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் திங்கள்கிழமை வேலையில் சேர வேண்டும். கதவைத் திறந்த என் முகத்தைப் பார்த்த உடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர்னு யாரும் இல்லதானே?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்தக் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். ஹில்லி அவளை இழுத்து வந்து சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். கண்ணீரும் மூக்குமாக ஒரு வாய் குடித்தவள் நிறுத்திவிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது என்னது?" என்றாள். ஹில்லிக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது.

சரியாக அப்போது திரு. ப்ரோங்க் வந்துவிட்டார். நடையில் இரண்டு பெட்டிகள். "இவங்க யாரு?" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத உன் தம்பி, "இவங்க இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவங்க சார்" என்று சொல்லிவிட்டான். அவர் பேனாவைத் திறந்தார். "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்!" என்று ஹில்லி என்னை அடக்கிவிட்டு நடந்ததை எல்லாம் அவளே கொட்டினாள். ஒர்னெல்லா விளம்பரத்தைக் காட்டினாள். அவர் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது வேற யாரோ தெருவிலேருந்து எடுத்த படம்னு எப்படி நம்பறது? வாடகைக்கு விடறதுக்காக நீங்களே எடுத்துப் போட்டிருக்கலாமே? இந்தக் கால் யாருது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "நிரூபிங்க" என்றார்.

ஆகவே, அக்கா, டை கட்டிய உன் தம்பி பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய காலுறையைத் துணிக்கூடையிலிருந்து தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முக்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்தான். திரு. ப்ரோங்க் போனைப் பிடித்துக்கொண்டு மழையில் தெருவில் நின்று, "கொஞ்சம் இடது பக்கம்! விரலை வெளிய விடுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். தபால்காரர் நின்றார். மேல்வீட்டுத் தம்பதி நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போகும் குழந்தைகள் நின்றார்கள். கடைசியில் ட்ரூஸே குடையோடு வந்து போனை வாங்கிப் பார்த்து, "அவர் காலுதாங்க. அந்த ஓட்டையை நான் கிறிஸ்துமஸ்லேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். ஹில்லிக்குத் தைக்க நேரமில்ல" என்று சாட்சி சொன்னாள். புகார் கொடுத்தவளே காப்பாற்றினாள், காப்பாற்றும்போதும் ஹில்லிக்கு ஒரு குத்து.

திரு. ப்ரோங்க் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "இந்தத் தடவை நம்பறேன். ஆனா இது மேல போகாம இருக்கணும்னா ரெண்டு விஷயம். ஜன்னலுக்குத் திரை போடுங்க. அப்பறம் வெளியாள் ஒரு ராத்திரிகூட இங்க தங்கக் கூடாது. ரத்த சொந்தம் விருந்தாளியா வந்தா அது வேற. இன்னொரு புகார் வந்தா என்கிட்ட பேசவே வேண்டாம், பெட்டியைக் கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒர்னெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவளையும் அனுப்பிவிட்டோம். வேறு என்ன செய்வது? போலீஸில் புகார் எழுதிக்கொடுக்க நானே கூடப் போனேன், பிறகு அவளுக்கும் என் பிரசங்கத்தைச் செய்து, டிராம் நிறுத்தத்தின் வழியைக் காட்டினேன். பாவம்தான். ஆனால் ஊரில் இருக்கிற பாவத்துக்கெல்லாம் நம் வீட்டில் இடமிருக்கிறதா? அந்த விஷயம் முடிந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அன்று மாலையே திரை வாங்கி மாட்டினோம், பழுப்பு நிறம், கெட்டித் துணி, வீட்டுக்குள் உருளைக்கிழங்கு மூட்டையில் இருப்பதுபோல் இருக்கிறது. மணி அடிப்பதும் நின்றுவிட்டது. ஆக, திரைக்குக் காரணம் அந்தப் படம் பிடித்த அயோக்கியன், வேறு எதுவும் இல்லை. இனி அன்னியர் யாருக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்று நானும் ஹில்லியும் உறுதியாக முடிவு செய்துவிட்டோம்.

ஹில்லியின் பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய் என்று தெரியும். நாற்காலிகளை வழக்கம்போல் வட்டமாகப் போட்டுவைக்கிறோம். திரையைப் பார்த்துத் தெருவிலேயே சத்தம் போடாமல் உள்ளே வந்து சத்தம் போடு. கடவுள் உன் முழங்காலையும் பாடல் குழுவின் சுருதியையும் ஒருசேரக் காப்பாராக. ஹில்லி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், சீஸுக்காகத் தனியாக ஒரு முத்தம்.

என்றும் உன் கட்டளைக்கு அடங்கிய,
ஹார்மன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரு. ப்ரோங்க். இரண்டு பேர் இருக்கும் வீட்டின் கொடியில் மூன்று பேர் துணி காய்வதாக ட்ரூஸ் மறுபடி புகார் சொல்லியிருக்கிறாள். ஆகையால் மேலே கடைசிப் பக்கத்தில் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ஒர்னெல்லா டிராம் நிறுத்தம் வரை போனாள் என்பது வரை உண்மை. டிராம் வந்தது, நின்றது, போனது, அவள் ஏறவில்லை. ஏறி எங்கே போவாள்? ஹில்லி வீட்டுச் செருப்போடு மழையில் ஓடினாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என் முகத்தை என்னாலேயே பார்த்திருக்க முடியாது. அன்று முதல் ஒர்னெல்லா எங்கள் பின்னறையில் இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள், எங்கள் காப்பியை எங்களைக் குடிக்க விடுவதில்லை. திரை அதற்குத்தான். போனில் திரு. ப்ரோங்க், "யார் சார் அந்த மூணாவது ஆளு?" என்று கேட்டார். வீடு போய்விடுமே என்ற பயத்தில், "எங்க அக்கா பொண்ணு சார், ஸட்ஃபன்லேருந்து" என்று சொல்லிவிட்டேன். "சரி, உங்க அக்காகிட்டயே கேட்டு எழுதிக்கறேன்" என்று உன் எண்ணை வாங்கிக்கொண்டார். உனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை கூப்பிடுவார். பெயர் ஒர்னெல்லா, வயது இருபத்தெட்டு. உன் வயதோடு கணக்குப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும், ஆனால் பைபிளில் சாராளுக்குப் பிறக்கவில்லையா, நீ சர்ச்சுக்குப் போகிறவள், நம்புவார்கள். அப்பா யார் என்றும் அவர் கேட்பார், நம் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம் ஏது. சால்வதோரே என்று சொல்லிவிடு, மீன் வியாபாரம், நேப்பிள்ஸ், ஒரே ஒரு கோடைக்காலம். பெயரும் தொழிலும் ஒர்னெல்லா தேர்ந்தெடுத்தது, பெருமூச்சு உன் விருப்பம். வாழ்நாளில் நீ ஒரு பொய் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் அக்கா, இல்லாவிட்டால் ஒரே நாளில் மூன்று பேர் தெருவில் நிற்போம்.

மற்றபடி, மனமார்ந்த வாழ்த்துகள். பெண் பிறந்திருக்கிறாள். குழந்தை பிறந்த வீட்டு முறைப்படி ஹில்லி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவி எல்லோருக்கும் கொடுத்தாள், தான் பிறந்ததற்கு ஒர்னெல்லாவே இரண்டு சாப்பிட்டாள். தாயின் பங்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வழியில் நொறுங்கியிருந்தால் ஸ்பூனால் சாப்பிடு.